முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை
10.02.2025

திருமதி தில்லைநாதன் அவர்களுக்கு,

தபாலில் கடிதம் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. முத்திரையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். நீங்கள் எனக்கு வேறு வழி வைத்தீர்களா? போன் எடுத்தால் உங்கள் கணவர்தான் எடுக்கிறார். "அவ குசினியில நிக்கிறா" என்கிறார், "அவ கோயிலுக்குப் போட்டா" என்கிறார். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். ஒன்றில்லை, பல. எல்லாவற்றையும் அழுத்தியிருக்கிறீர்கள் என்று நீல நிறம் காட்டுகிறது. பதில்தான் ஒரு சொல்லும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வேலை செய்தவள் நான். மூன்று மொழியிலும் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் லைன் எடுத்துக் கொடுத்தவள். இங்கிருக்கிற கொட்டாஞ்சேனைக்கு ஒரு லைன் கிடைக்காமல் இப்படி அந்தரப்படுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை என் மகன் ஹரிசனுக்காக உங்கள் மகள் உஷாந்தியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தோம். பிள்ளையை எனக்கு நன்றாகப் பிடித்தது. தேத்தண்ணி குடிக்கும்போது உங்களிடம்தான் நேரே கேட்டேன், "கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை எங்களோட வெள்ளவத்தையில இருக்கிறதில ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று. நீங்கள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினீர்கள். என் கணவர் சுந்தரலிங்கம் சாட்சி. நான் வீட்டுக்கு வந்து ஹரிசனின் அறைக்கு ஏசி பூட்டுவதைப் பற்றிக்கூடக் கதைத்துவிட்டேன்.

இப்போது புரோக்கர் சொல்கிறார், பிள்ளை கொட்டாஞ்சேனையை விட்டு வரமாட்டாளாம், அப்படியென்றால் கலியாணமே வேண்டாமாம். அப்போ நீங்கள் தலையாட்டினது என்ன? என்னை என்ன விசரி என்று நினைத்தீர்களா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம்.

பத்மலோஜினி சுந்தரலிங்கம்


கொட்டாஞ்சேனை
14.02.2025

மதிப்புக்குரிய அக்கா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் உங்கள் கடிதம் வந்தது எனக்குச் சந்தோஷம். கடிதத்தில்தான் ஒருவர் சொல்வது முழுவதும் எனக்குக் கிடைக்கிறது, ஒரு சொல்லும் சிந்தாமல்.

எனக்குக் காது கேட்காது, அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டு போய்விட்டது. அதற்கு முன் பழகிய பேச்சு மட்டும் மிஞ்சியது. அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தட்டையாக வருமாம். நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசும்போது அவர்களுடைய வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வேன். நீங்கள் அந்தக் கேள்வியைத் தேத்தண்ணியோடு வைத்த பற்றிஸ் பலகாரத் தட்டைப் பார்த்துக் கேட்டீர்கள், வாயிலும் பாதி பற்றிஸ் இருந்தது. எனக்கு விளங்கியது கடைசியில் வந்த "இல்லைத்தானே" மட்டும்.

அன்று காலை இவர் என்னிடம் சொன்னது, "நீர் கதைக்க வேண்டாம். சிரிச்சுத் தலையை ஆட்டும், மிச்சத்தை நான் பாக்கிறன்." அவரைக் கோபிக்காதீர்கள். உஷாந்திக்கு இதற்கு முன்பு வந்த கலியாணப் பேச்சுக்கால்கள் என் காது விஷயம் தெரிந்தவுடன் நின்றுவிட்டன. பரம்பரையில் இருக்குமோ என்று பயந்தார்கள். எங்களிடம் சொன்ன காரணம் சாதகம் பொருந்தவில்லை என்பது.

உங்கள் குரல் பதிவுகளை நான் அழுத்தியது உண்மை. போனை உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருந்தேன், அது அதிர்ந்தது. சில இடங்களில் பலமாக அதிர்ந்தது. கோபமாக இருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. உஷாந்தியிடம் கொடுத்திருந்தால் என்னவென்று சொல்லியிருப்பாள். கொடுக்கவில்லை. நீங்கள் ஏசியிருந்தால் அவள் அந்த நிமிடமே "வேண்டாம்" என்றிருப்பாள்.

அவள் கொட்டாஞ்சேனையை விட்டு வரமாட்டேன் என்பது எனக்காக. கதவு தட்டுவது, டொக்டர் சொல்வது, பக்கத்து வீட்டார் சொல்வது என்று எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்து எனக்குக் கொண்டுவந்து தருகிறவள் அவள்தான். தான் போய்விட்டால் அம்மா என்ன செய்வா என்று பயப்படுகிறாள். ஹரிசனின் பெயர் போனில் வரும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முகம் பார்ப்பது என்னுடைய தொழில் அல்லவா?

உங்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், காதுதான் காரணம் என்றும் எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். சாதகத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

சிவமணி


வெள்ளவத்தை
18.02.2025

சிவமணி அவர்களுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். பச்சைப் பொய் சொல்லிப் பெண் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று. பிறகு ஹரிசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கு ஏற்கெனவே தெரியுமாம்! போனில் கதைத்த முதல் நாளே உஷாந்தி சொல்லிவிட்டாளாம். "அப்ப ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். "நீங்க எங்க அம்மா கேக்கிறீங்க? நீங்கதானே எப்பவும் கதைக்கிறீங்க" என்கிறான். அடேயப்பா! லைன் எடுத்துக் கொடுத்து வளர்த்த பிள்ளை எனக்குச் சொல்கிற பேச்சைப் பாருங்கள்.

எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் காது நல்ல சுகம். நான் குசினியில் நின்று கத்துவேன், இவர் ரீவிக்கு முன்னால் இருந்து "ம்ம்" என்பார். என்ன கேட்டாலும் "ம்ம்"தான். மகன் அறைக்குள்ளிருந்து எனக்கு மெசேஜ் போடுவான், சாப்பாடு ரெடியா என்று. இதைத்தான் நான் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சித்துப் பார்ப்போம் என்று நேற்று இவருக்கு முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "இரவைக்கு இடியப்பமோ புட்டோ?" என்று கேட்டேன். மனிசன் பயந்துபோய் ரீவியை நிற்பாட்டிவிட்டு, "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எனக்குக் கேள்விகள் நிறைய இருக்கின்றன. காது கேட்காமல் குக்கரில் எப்படிச் சமைக்கிறீர்கள்? வாசல் மணி அடித்தால் எப்படித் தெரியும்? மரியாதையில்லாமல் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், நினைத்ததைக் கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும். சாதகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காதைப் பற்றியும் நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒருக்கா தனிய வரட்டா? இவர்கள் ஒருவரும் வேண்டாம்.

பத்மலோஜினி


கொட்டாஞ்சேனை
21.02.2025

அன்புள்ள அக்கா,

கட்டாயம் வாருங்கள். இப்படி நேரே கேட்பவர்கள் எனக்குக் கிடைப்பதில்லை. பலர் என்னைப் பற்றி எனக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பார்கள், "இவவுக்குச் சீனி போடலாமோ?" என்று.

குக்கரின் விசில் எனக்குத் தேவையில்லை, அதன் தலை ஆடுவதைப் பார்த்து எண்ணுவேன். மணி அடித்தால் வரவேற்பறையில் ஒரு மின்குமிழ் மின்னும். துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதினால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும், அதில் கை வைத்தால் எனக்கும் தெரியும். இவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை.

வரும்போது சில காரியம் நினைவில் வையுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாய் கோணும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இழுத்து இழுத்தும் சொல்ல வேண்டாம். வாயைக் கையால் மறைக்காமல் வழக்கம்போலக் கதையுங்கள். உங்கள் கணவர் வராதது ஒருவகையில் நல்லது. அவருடைய மீசை மேலுதட்டை முழுக்க மூடிவிடுகிறது, அன்று அவர் சொன்ன ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

என் குரலைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டாம். வீட்டுக்கு வெளியே நான் அதிகம் பேசுவதில்லை. உங்களுடன் பேசுவேன்.

சிவமணி


வெள்ளவத்தை
03.03.2025

அன்புள்ள சிவமணி,

"அவர்களுக்கு" எல்லாம் இனி எனக்கு வராது. சனிக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்ட நண்டுக்கறியின் மணம் இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கறியைப் பற்றி இல்லை.

எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் என் குரலைக் கேட்டே கலியாணம் பேசி வந்த ஆட்கள் உண்டு. அவ்வளவு இனிமையாகக் கதைப்பேன். கதைக்கத் தெரிந்தவள் என்று இத்தனை காலமும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உங்கள் வீட்டில் ஒரு பகல் இருந்து பார்த்த பிறகு அந்தப் பெருமை எங்கேயோ போய்விட்டது, போகட்டும்.

உங்கள் வீட்டில் ஒருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசவில்லை. தில்லைநாதன் அண்ணா உப்புக் கேட்பதற்குக்கூட மேசையில் தட்டி, நீங்கள் நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். உப்புக்கு! எங்கள் வீட்டில் செத்தவீட்டுச் செய்தியையே குளியலறைக்குள் இருந்துகொண்டு சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் சாப்பிடுவதை நிறுத்திப் பார்க்கிறீர்கள். போனை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு அறுந்துவிடும் என்பது உங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களுக்கும் அறுந்துதான் போகிறது, காது கேட்பதால் அது தெரிவதில்லை.

உங்கள் குரலைப் பற்றிச் சொன்னீர்களே, எனக்கு முதல் ஐந்து நிமிடம்தான் வித்தியாசமாக இருந்தது. பிறகு அது சிவமணியின் குரல். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட, நீங்களும் உஷாந்தியும் எனக்கு முன்னாலேயே பிடித்தீர்களே ஒரு சண்டை, அதை மறக்க மாட்டேன். "நான் போனா ஆர் உங்களுக்குச் சொல்லுறது? ஆர் டொக்டரிட்ட வாறது?" என்று அவள் கத்திவிட்டு, அழுகை வந்ததும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீங்கள் எழும்பிப் போய் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினீர்கள். "சண்டை பிடிக்கிறதெண்டாலும் என்னைப் பாத்துப் பிடி" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள், "நீ என்ர காது இல்லை. நீ என்ர மகள்." எங்கள் வீட்டில் என்றால் கதவை அடித்துச் சாத்தியிருப்பார்கள், மூன்று நாளைக்குப் பேச்சு இருந்திருக்காது. காது கேட்காத வீட்டில் ஒரு சண்டையை முகத்துக்கு நேரே நின்று பிடித்து, முகத்துக்கு நேரே நின்றே முடித்துவிட்டு, பிறகு வட்டிலப்பம் சாப்பிடுகிறீர்கள். நான் பார்த்ததிலேயே அழகான சண்டை அது.

என் முடிவு இது. உங்கள் காது எனக்கு ஒரு காரணமே இல்லை. பிள்ளைகள் எங்கே இருப்பது என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், ஏசியைக் கொட்டாஞ்சேனையிலேயே பூட்டலாம். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் இன்னும் ஓம் என்று சொல்லவில்லையே. அம்மாவை விட்டு வரும் பயம் அவளுக்குத் தீரவில்லை. அதற்கு என்ன செய்வோம்?

பத்மலோஜினி


கொட்டாஞ்சேனை
07.03.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு விஷயத்தைக் கேட்டதும் இவருக்கு ஒரே வெட்கம். ஆனால் கடைசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலை இவரிடமும் காட்டவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

என் கண்ணில் வெண்புரை படிந்திருக்கிறது. இரண்டு கண்ணிலும். அன்று பற்றிஸ்மேல் பழி போட்டேன், உண்மையில் உங்கள் வாயே எனக்குப் புகைக்குள் இருப்பதுபோல்தான் தெரிந்தது. கொஞ்சக் காலமாகவே பாதியை ஊகித்துத் தலையாட்டுகிறேன். சத்திரசிகிச்சை செய்தால் சரியாகும் என்று டொக்டர் எழுதித் தந்திருக்கிறார். முதலில் ஒரு கண்ணுக்கு இந்த மாதக் கடைசியில் நாள் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் உஷாந்தி வேலை விஷயமாகக் கண்டியில் ஒரு கிழமை நிற்பாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நாள் கேட்டேன்.

அவளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். காதும் இல்லை, கண்ணும் போகிறது என்று நினைத்துக் கலியாணப் பேச்சையே மூடிவிடுவாள். இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுகிற ஆள். உள்ளே தாதிமார் சிங்களத்தில்தான் பேசுவார்கள். சிங்கள வாய் எனக்கு வாசிக்க வராது. நீங்கள் என்னுடன் வருவீர்களா?

சிவமணி


வெள்ளவத்தை
11.03.2025

சிவமணி,

வருவேன். இது என்ன கேள்வி? நாளைக்கே என்றாலும் வருவேன்.

ஆனால் ஒன்று. பிள்ளைக்குச் சொல்லாமல் வரமாட்டேன். காதை எனக்கு மறைத்ததால் நாங்கள் இரண்டு குடும்பமும் எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று மறந்துவிட்டதா? இப்போது கண்ணை அவளுக்கு மறைக்கப் போகிறீர்களா? முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு எனக்குப் பாடம் எடுத்துவிட்டு நீங்களே மகளுக்கு முதுகைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? நான் உங்களை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறேன் தெரியுமா? அங்கேயிருந்து இறங்காதீர்கள்.

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கண் விஷயம் தெரியாமலே, அவள் ஓம் சொல்வாளோ என்று ஹரிசன் என்னைவிடப் பயந்துபோய் இருக்கிறான். என்றாலும் சொல்லுங்கள். அவள் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பத்மலோஜினி


கொட்டாஞ்சேனை
30.03.2025

அக்கா,

கட்டு அவிழ்த்த பிறகு எழுதுகிற முதல் கடிதம். இந்தக் கடதாசி இவ்வளவு வெள்ளையா! இத்தனை நாளும் பழுப்பேறிய பழைய கொப்பித் தாளில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு உஷாந்தியிடம் சொன்னேன். நான் பயந்தபடியே நடந்தது. அழுதாள். "இனி எந்தக் கலியாணமும் இல்லை" என்றாள். கண்டிக்குப் போகாமல் நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் உங்களோடும் என்னோடும் அவளும் வந்தாள். அதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். கதவடியில் ஒரு ஆள்தான் உள்ளே வரலாம் என்று தாதி விரலைக் காட்டியதும், உஷாந்தி வழக்கம்போல முன்னால் வந்தாள். நான் உங்கள் கையைப் பிடித்தேன். அந்த நேரம் அவள் முகத்தில் இருந்ததை எந்தத் தாயும் பார்க்கக்கூடாது. என்றாலும் பிடித்த கையை நான் விடவில்லை. அவள் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

அதன்பிறகு நடந்ததை உங்கள் பக்கத்திலிருந்துதான் உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒரு கண்ணை மூடினார்கள். மற்றக் கண்ணில் வெறும் புகை, வாய் எது மூக்கு எது என்று தெரியவில்லை. காது கேட்காதவளுக்குப் பார்வையும் போனால் என்ன மிஞ்சும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. யாரோ தோளை அழுத்தினார்கள். யார், எதற்கு? எழும்பச் சொல்கிறார்களா, படுக்கச் சொல்கிறார்களா? நான் கத்தினேனாம். உஷாந்தி பிறகு சொன்னாள், வெளியே வரைக்கும் கேட்டதாம். தாதி "ஹெலவென்ன எப்பா, ஹெலவென்ன எப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஆடக்கூடாதாம். எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது ஒரு கை என் பொத்திய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. உள்ளங்கையில் ஒரு விரல் எழுதியது. "நா". பிறகு "ன்". நீங்கள்தான் என்று தெரிந்தது. அடுத்ததாக "அசையாதே" என்று எழுதினீர்கள். உள்ளங்கையில் மரியாதைக்கு இடம் காணாது போலும். நான் அசையவில்லை. "ஊசி" என்று எழுதினீர்கள், ஊசி வந்தது. "வெளிச்சம்" என்று எழுதினீர்கள், வெளிச்சம் வந்தது. டொக்டர் சொன்னது, தாதி சொன்னது எல்லாம் சிங்களத்தில் உங்கள் காதுக்குப் போய், தமிழில் என் கைக்கு வந்தது. எனக்குப் பயம் போய்விட்டது, அக்கா. காது கேட்கிற எத்தனை பேருக்கு அந்தக் கட்டிலில் இவ்வளவு விவரம் கிடைத்திருக்கும்?

எல்லாம் முடிந்து கட்டுப் போட்ட பிறகு மறுபடி எழுதத் தொடங்கினீர்கள். டொக்டர் ஏதோ முக்கியமாகச் சொல்லிவிட்டார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதினது "பசிக்குதோ?" என்று. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அழுதும் விட்டேன். தாதி ஏசியிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே உஷாந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். நேற்றுக் காலை கட்டு அவிழ்த்ததும் என் முன்னால் வந்து இருந்தாள். அவளுடைய முகத்தைத் தெளிவாகப் பார்த்து எவ்வளவு காலம்! கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மரு வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே. "அம்மா, அன்ரி உங்கட கையில கடைசியா என்ன எழுதினவா?" என்று கேட்டாள். அவளுடைய கையை விரித்து எழுதிக் காட்டினேன். அந்தக் கையை மூடிப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இவ்வளவு நாளும் உங்களுக்கு நான் ஒருத்திதான் எண்டு நினைச்சிட்டன்" என்றாள்.

இன்று காலை சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஹரிசனுக்கும் உங்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம். போனில் சொல்ல ஏலாதாம், மெசேஜில் போட ஏலாதாம். என்ன விஷயம் என்று எனக்குச் சொல்லிவிட்டாள். நான் எழுத மாட்டேன், அது அவளுடைய வாயால் வர வேண்டியது. இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. அவளுடைய கையிலேயே தந்துவிடுகிறேன். நீங்கள் இதை வாசித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

வாசித்தது போதும், சம்பந்தி. நிமிர்ந்து அவளைப் பாருங்கள்.

சிவமணி